பக்கத்து சீட் சிஸ்டம் ஆஃப் ஆனால் பிரிண்ட் வராதா?

போன இதழில் வைஃபை பற்றி எழுதும்போது, ஆபீஸ் பிரிண்டர் சந்தேகம் இருந்தாலும் அனுப்புங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே பிரச்சினையைப் பலர் எழுதியிருந்தால் ஒருவர் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பதில் சொல்லியிருக்கிறேன். விண்டோஸ் திரையில் ஆங்கிலத்தில் தெரியும் சொற்களை உச்சரிப்பு மாறாமல் மேற்கோளில் தந்திருக்கிறேன், திரையைப் பார்த்துத் தேட அதுதான் சுலபம்.

கேள்வி: சார், ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஐந்து சிஸ்டம், ஒரே லேசர் பிரிண்டர், கேனான் எல்பிபி 2900. கேஷியர் அக்காவின் சிஸ்டத்தில் யூஎஸ்பி கேபிளில் மாட்டி ஷேர் செய்திருக்கிறோம். பழைய விண்டோஸ் 10 சிஸ்டங்களிலிருந்து பிரிண்ட் போகிறது. புதிதாக வாங்கிய இரண்டு விண்டோஸ் 11 சிஸ்டத்தில் மட்டும் யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அக்காவின் நான்கு இலக்க பின் நம்பரைப் போட்டால் தப்பு என்கிறது. பாஸ்வேர்டே வேண்டாம் என்று ஷேரிங்கில் ஆஃப் செய்தும் பார்த்துவிட்டோம். என்னதான் செய்வது?

முதலில் அந்த பின் நம்பர். அது அந்த ஒரு சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியாக இன்னொரு சிஸ்டத்திலிருந்து வரும்போது அது செல்லவே செல்லாது. அங்கே கேட்பது அக்கவுண்டின் முழு பாஸ்வேர்ட். நான்கு இலக்கத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, அக்கா தப்பாகச் சொல்லிவிட்டார் என்று அவரிடம் போய் நிற்கும் ஆபீஸ்கள் நிறைய இருக்கின்றன. அவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

பழைய சிஸ்டங்களில் மட்டும் எப்படிப் போகிறது என்றால், பாஸ்வேர்ட் பாதுகாப்பை ஆஃப் செய்தபோது அவை பெயர் சொல்லாத விருந்தாளியாக, அதாவது 'கெஸ்ட்' ஆக உள்ளே போய் வருகின்றன. 2024-இல் வந்த 24ஹெச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 புரோ அந்த வழியை அடைத்துவிட்டது. யார் எவர் என்று கையெழுத்தோடு சொன்னால்தான் பேசுவேன் என்கிறது. உங்கள் புதிய சிஸ்டங்கள் அந்தப் பதிப்பாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கதவை மறுபடி திறந்துவிட வழி இருக்கிறது, யூடியூபில் தேடினால் கிடைக்கும், ஆனால் நான் சொல்லித்தர மாட்டேன். கடையின் மொத்தக் கணக்கும் அந்த ஐந்து சிஸ்டத்தில் இருக்கிறது, ஒரு பிரிண்டருக்காக அதைத் திறந்து போடுவது சரியில்லை. அதற்குப் பதிலாக பத்து நிமிஷ வேலை ஒன்று இருக்கிறது.

கேஷியர் சிஸ்டத்தில் பிரிண்ட் எடுப்பதற்கென்றே தனியாக ஒரு யூசர் உருவாக்குங்கள். 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்' போய் 'ஆட் அக்கவுண்ட்' அழுத்தினால் மைக்ரோசாஃப்ட் ஈமெயில் கேட்கும். அந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்கிற வரியை அழுத்தி, அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் சின்னதாக, ஆங்கில எழுத்தில், 'பிரிண்ட்' என்று வைத்தால் போதும். பாஸ்வேர்ட் கட்டாயம் வைக்க வேண்டும், காலியாக விட்டால் நெட்வொர்க் வழியாக விண்டோஸ் அனுமதிக்காது. அட்மின் உரிமை கொடுக்காதீர்கள், அது பிரிண்ட் எடுக்க மட்டும் பிறந்த அக்கவுண்ட். அக்காவின் சொந்த பாஸ்வேர்டை ஐந்து பேருக்கும் கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நாளைக்குக் கல்லாவில் ஒரு கணக்கு இடித்தால் பழி அவர் தலையில் விழும்.

அதே சிஸ்டத்தில் இன்னும் மூன்று இடம் பார்க்க வேண்டும். நெட்வொர்க் 'பப்ளிக்' என்றிருந்தால் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள், பப்ளிக்கில் இருந்தால் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் யாரையும் உள்ளே விடாது. 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' திறந்து பிரைவேட் பகுதியில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டும் ஆன், கீழே நீங்கள் ஆஃப் செய்த 'பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்' மறுபடி ஆன். அப்புறம் 'பிரிண்டர் பிராப்பர்டீஸ்' போய் 'ஷேரிங்' பக்கத்தில் ஷேர் பெயரைச் சின்னதாக, நடுவில் இடைவெளி இல்லாமல் வையுங்கள். சிஸ்டத்தின் பெயரையும் அப்படியே மாற்றிவிடுங்கள். கடையில் வாங்கிய அன்று அதுவே வைத்துக்கொண்ட பெயர் டெஸ்க்டாப் என்று தொடங்கி ஏழெட்டு எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும், அதை ஒருவர் படிக்க இன்னொருவர் தப்பில்லாமல் அடிக்க மாட்டார்.

இனி மற்ற நான்கு சிஸ்டங்கள். ஒவ்வொன்றிலும் 'கன்ட்ரோல் பேனல்' திறந்து 'கிரெடென்ஷியல் மேனேஜர்', அதில் 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்', 'ஆட்'. முதல் கட்டத்தில் கேஷியர் சிஸ்டத்தின் பெயர். இரண்டாவது கட்டத்தில் அதே பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, அப்புறம் புது யூசரின் பெயர். மூன்றாவதில் பாஸ்வேர்ட். சேமித்துவிட்டு, விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் கட்டத்தில் \\கேஷ்\லேசர் என்கிற மாதிரி சிஸ்டம் பெயரும் ஷேர் பெயரும் அடித்து என்டர் தட்டுங்கள் (அடிப்பது ஆங்கில எழுத்தில்தான்). டிரைவர் (பிரிண்டரோடு பேச விண்டோஸுக்கு வேண்டிய மென்பொருள்) போடச் சொல்லும், 2021 ஆகஸ்ட் அப்டேட்டுக்கு அப்புறம் அதற்கு அட்மின் அனுமதி வேண்டும், ஆகவே அட்மின் பாஸ்வேர்ட் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். இதுவரை கேட்காமல் போய்க்கொண்டிருந்த பழைய விண்டோஸ் 10 சிஸ்டங்களுக்கும் இதைச் செய்ய வேண்டும், பாஸ்வேர்டை மறுபடி ஆன் செய்துவிட்டோம் அல்லவா. ஒரே உட்காரலில் நான்கையும் முடித்துவிடுங்கள், பாதியில் விட்டால் மறுநாள் காலை ஒருவருக்கு வரும், ஒருவருக்கு வராது.

இதெல்லாம் ஆன பிறகும் ஒரு குறை இருக்கும். கேஷியர் சிஸ்டம் ஓடினால்தான் பிரிண்டர் ஓடும். 'பவர்' செட்டிங்ஸில் 'ஸ்லீப்' நேரத்தை 'நெவர்' என்று வைத்தால் சாப்பாட்டு நேரத்தில் தூங்கிப்போகாது. ஆனால் அக்கா லீவு போட்டால்? ஏழு மணிக்கு அவர் கல்லாவை மூடி சிஸ்டத்தை ஆஃப் செய்துவிட்டுக் கிளம்பிய பிறகு எட்டு மணிக்கு ஒரு லாரி வந்து நின்றால்? இதற்கு செட்டிங்ஸில் வழி இல்லை. அடுத்து பிரிண்டர் வாங்கும்போது நெட்வொர்க் கேபிள் போர்ட் உள்ளதாக, அல்லது குறைந்தபட்சம் வைஃபை உள்ளதாக வாங்கச் சொல்லி முதலாளியிடம் இப்போதே ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். ஐந்து பேர் வேலை ஒருவர் நாற்காலியை நம்பி இருக்கக் கூடாது.

கேள்வி: திருநெல்வேலி ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன். எங்களிடம் இருப்பது வைஃபை உள்ள நெட்வொர்க் பிரிண்டர்தான், எட்டு சிஸ்டத்திலும் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது. ஆனால் கரண்ட் போய் வந்தால் பாதி சிஸ்டத்தில் 'ஆஃப்லைன்' என்று வந்துவிடுகிறது. சர்வீஸ்காரர் வந்து டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிறது, அடுத்த பவர் கட் வரைக்கும். பிரிண்டரை மாற்றிவிடலாமா?

வேண்டாம், பிரிண்டர் நன்றாக இருக்கிறது. டிரைவரும் நன்றாக இருக்கிறது. தப்பு முகவரியில்.

ரவுட்டர் முகவரி கொடுப்பது லாட்ஜில் ரூம் கொடுக்கிற மாதிரி. யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்குக் காலியான ரூம். நேற்று பிரிண்டர் 192.168.1.7-இல் இருந்தது, எட்டு சிஸ்டமும் அந்த ரூம் நம்பரை மனப்பாடம் செய்து வைத்திருந்தன. கரண்ட் போய் வந்தது, ரவுட்டரும் ஆஃப் ஆகி ஆன் ஆனது, பிரிண்டர் சூடாகி எழுந்திருப்பதற்குள் யாருடைய போனோ ஏழாம் நம்பரை எடுத்துக்கொண்டது, பிரிண்டருக்கு 12 கிடைத்தது. சிஸ்டங்கள் இன்னமும் ஏழாம் நம்பர் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கின்றன. உங்கள் சர்வீஸ்காரர் டிரைவரை மறுபடி போடும்போது புது நம்பரைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது, அதனால் சரியானது போலத் தெரிகிறது.

செய்ய வேண்டியது ஒன்றுதான், பிரிண்டருக்கு நிரந்தர ரூம். பிரிண்டரிலேயே மெனுவில் போய் 'கான்ஃபிகரேஷன் பேஜ்' அல்லது 'நெட்வொர்க் ரிப்போர்ட்' என்று ஒரு தாள் எடுங்கள். அதில் மேக் அட்ரஸ் என்று இரண்டிரண்டாக ஆறு ஜோடி எழுத்தும் எண்ணும் இருக்கும், அது அந்த பிரிண்டரின் பிறவி அடையாளம், மாறாது. ரவுட்டரின் பக்கத்தை பிரவுசரில் திறந்து, டிஹெச்சிபி (முகவரி பங்கிடும் வேலை) பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று இருக்குமிடத்தில் அந்த மேக் அட்ரஸைப் போட்டு, எதிரே 192.168.1.200 மாதிரி உயரமான ஒரு எண்ணைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் ரவுட்டர் 192.168.0 என்று தொடங்கினால் அதற்கேற்ற மாதிரி. பிரிண்டரை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தால் அந்த எண்ணில் வந்து உட்கார்ந்துகொள்ளும். என்றைக்காவது ரவுட்டரையே மாற்றினால் இந்த ரிசர்வேஷனும் அதோடு போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். சிஸ்டங்களுக்கும் இந்த எண்ணைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சிஸ்டத்திலும் 'பிரிண்டர் பிராப்பர்டீஸ்' திறந்து 'போர்ட்ஸ்' பக்கம் போங்கள். அங்கே டிக் அடித்திருக்கும் வரியில் டபிள்யூஎஸ்டி என்று இருந்தால், உங்கள் தலைவலியில் பாதி அதனால்தான். பிரிண்டர் தானாக அறிவித்துக்கொண்டு சிஸ்டம் தானாகக் கண்டுபிடிக்கிற முறை அது. வீட்டில் ஒரு சிஸ்டத்துக்குச் சரி, எட்டு சிஸ்டம் உள்ள ஆபீஸுக்கு அதை நம்பக் கூடாது. 'ஆட் போர்ட்' அழுத்தி, 'ஸ்டாண்டர்டு டிசிபி ஐபி போர்ட்' எடுத்து, 192.168.1.200 என்று அடித்து முடித்துவிடுங்கள். அப்படியும் பிரிண்டர் ஆனில் இருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டினால், அதே இடத்தில் 'கான்ஃபிகர் போர்ட்' திறந்து 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்பதில் உள்ள டிக்கை எடுங்கள். பிரிண்டரிடம் நலம் விசாரித்து, பதில் வராவிட்டால் ஆஃப்லைன் என்று முடிவு கட்டுகிற ஏற்பாடு அது. சில பிரிண்டர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது, ஆனால் பிரிண்ட் ஒழுங்காக எடுக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு வரி ஆலோசகர் ஆபீஸில் இதே கதை. ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற 20-ஆம் தேதி, மாலை ஐந்து மணி, கரண்ட் போய் வந்திருக்கிறது, கட்சிக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள், அங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன ஒரு பெண் பென் டிரைவை எடுத்துக்கொண்டு எதிர் ஜெராக்ஸ் கடைக்கும் ஆபீஸுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் மேல் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் திட்டு வாங்கியது அவர்தான். மறுநாள் போய் மேலே சொன்னதைச் செய்துவிட்டு, ஒரு வெள்ளைச் சீட்டில் 192.168.1.200 என்று பெரிதாக எழுதி பிரிண்டர் மூடி மேல் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். இப்போது ஏதாவது ஆனால் அந்தப் பெண்ணே கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை) திறந்து 'பிங்' அடித்து, மூடி மேல் உள்ள எண்ணைப் போட்டுப் பார்க்கிறார். பதில் வந்தால் கோளாறு சிஸ்டத்தில். வராவிட்டால் பிரிண்டரிலோ கேபிளிலோ ரவுட்டரிலோ. இந்த ஒரு சோதனை தெரிந்தாலே சர்வீஸ்காரருக்குப் போன் போடும்போது என்ன கோளாறு என்று அவரிடம் சொல்ல முடியும்.

கரண்ட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரவுட்டரை யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள், லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள். தாளில் டோனரை உருக்கி ஒட்டவைக்கும் ஃப்யூசர் என்ற சூட்டு உருளை சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும். சிஸ்டத்தோடு வரும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். பிரிண்ட் கொடுத்ததும் யூபிஎஸ் கத்தி எல்லாம் அணைந்துபோவதற்கு இதுதான் காரணம். பிரிண்டர் நேராகச் சுவர் பிளக்கில் இருக்கட்டும்.

அப்புறம், முடிந்தால் பிரிண்டருக்கு வைஃபையை விட்டுவிட்டு நெட்வொர்க் கேபிள் போடுங்கள். கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், எந்த ஆபீஸுக்கும் அது போதும். வைஃபைதான் வழி என்றால், பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும் என்பதையும், 'கெஸ்ட்' வைஃபையில் இணைத்த சிஸ்டத்துக்கு பிரிண்டர் கண்ணில் படாது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மதுரையில் பள்ளி அலுவலகம். ஷேர் செய்த பிரிண்டரைச் சேர்க்கப் போனால் 11பி என்று முடியும் பிழை எண் வருகிறது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணைப் பூஜ்யமாக்கு, அல்லது விண்டோஸ் அப்டேட்டை நீக்கு என்று சொல்கிறார்கள். செய்யலாமா? ஒரு சிஸ்டம் இன்னும் விண்டோஸ் 7.

இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

2021 ஜூலையில் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில், அதாவது பிரிண்டுகளை வரிசையில் வைத்து அனுப்பும் பகுதியில், பெரிய ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தது, 'பிரிண்ட்நைட்மேர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நெட்வொர்க்கில் இருக்கும் யாரோ ஒருவர் பிரிண்டர் டிரைவர் என்ற சாக்கில் முழு சிஸ்டத்தையும் கைப்பற்ற முடிகிற ஓட்டை. அதைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் பகுதியை அடுத்தடுத்து இறுக்கியது. அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில், பிரிண்டரை ஷேர் செய்யும் சிஸ்டம் தன்னிடம் வருகிற பேச்சு முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று வற்புறுத்த ஆரம்பித்தது. அந்த மாதிரிப் பேசத் தெரியாத, அப்டேட் ஆகாத சிஸ்டம் கதவைத் தட்டும்போது வருவதுதான் இந்த 11பி. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ஏடு, அதில் பூஜ்யம் போடுவது என்பது அந்தப் பாதுகாப்பைக் கழற்றி வைப்பது. பிரிண்ட் வரும், உண்மைதான். ஆனால் மாணவர் பட்டியல், சம்பளப் பட்டியல் எல்லாம் உள்ள அலுவலகத்தில் அதைக் கழற்றி வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் எல்லா விண்டோஸ் 10, 11 சிஸ்டங்களிலும் அப்டேட்டை முழுக்க முடியுங்கள், ஷேர் செய்கிற சிஸ்டம் உட்பட. பாதி ஆபீஸுக்கு இதிலேயே தீர்ந்துவிடும். அப்படியும் மீதி இருக்கும் சிஸ்டத்துக்கு ஒரு சுற்றுவழி. டிரைவரை அந்த சிஸ்டத்திலேயே, பிரிண்டர் அதில்தான் மாட்டியிருக்கிறது என்கிற மாதிரி, பிரிண்டர் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கி இன்ஸ்டால் செய்யுங்கள். அப்புறம் 'ஆட் எ லோக்கல் பிரிண்டர்' போய், 'கிரியேட் எ நியூ போர்ட்' என்பதில் 'லோக்கல் போர்ட்' எடுத்து, போர்ட் பெயர் கேட்கும்போது இரண்டு பின்சாய்வுக் கோடு, சிஸ்டம் பெயர், ஒரு பின்சாய்வு, ஷேர் பெயர் என்று முழு வழியையும் அடியுங்கள். டிரைவர் இங்கேயே இருப்பதால் அங்கே போய் அதைக் கேட்க வேண்டியதில்லை, தயாரான பிரிண்ட் மட்டும் போகும். ஈரோடு வாசகிக்குச் சொன்ன தனி யூசரும் பாஸ்வேர்டும் இதற்கும் வேண்டும்.

709 என்று முடியும் எண் வருகிறது என்று இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் இதே சுற்றுவழியை முயன்று பாருங்கள். விண்டோஸ் 11-இன் 22ஹெச்2 பதிப்பிலிருந்து சிஸ்டங்கள் பிரிண்டருக்காகப் பேசிக்கொள்ளும் பாதையையே மாற்றிவிட்டார்கள், பழைய பாதையில் காத்திருக்கும் சிஸ்டத்தோடு அது பல இடங்களில் ஒத்துவரவில்லை.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. அந்தப் பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போட முடியாத நிலை என்றால் அதில் இன்டர்நெட்டை மட்டுமாவது துண்டித்து வையுங்கள்.

கேள்வி: சேலத்தில் லாரி புக்கிங் ஆபீஸ். டாஸில் ஓடும் பழைய பில்லிங் மென்பொருள், 32-பிட் விண்டோஸ் 10 சிஸ்டத்தில் இருக்கிறது. பழைய டாட் மேட்ரிக்ஸ் போய் எப்சன் எல்எக்ஸ் 310 வாங்கினோம். நோட்பேடிலிருந்து பிரிண்ட் வருகிறது, பில்லிங்கிலிருந்து வரவில்லை.

டாஸ் என்பது விண்டோஸுக்கு முந்தைய காலத்து இயங்குதளம், அந்த மென்பொருளுக்கு யூஎஸ்பி என்றால் என்னவென்றே தெரியாது. எல்பிடி1 என்ற பழைய அகலமான போர்ட்டுக்குத்தான் அனுப்பத் தெரியும். எல்எக்ஸ் 310-இல் அந்த போர்ட்டும் இருக்கிறது, சிஸ்டத்தில் இருந்தால் பழைய கேபிளையே மாட்டிவிடுங்கள், வேலை முடிந்தது. சிஸ்டத்தில் இல்லை என்றால், யூஎஸ்பியில் மாட்டிய பிரிண்டரை அதே சிஸ்டத்திலிருந்து ஷேர் செய்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட் யூஸ்' கட்டளை அடியுங்கள். கட்டளைக்குப் பின் எல்பிடி1, அப்புறம் சிஸ்டம் பெயரும் ஷேர் பெயரும் சேர்ந்த வழி, கடைசியில் சாய்வுக்கோட்டோடு 'பெர்சிஸ்டென்ட்' என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு 'யெஸ்'. இனி எல்பிடி1-க்குப் போவதெல்லாம் ஷேர் வழியாகத் திரும்பி வந்து யூஎஸ்பி பிரிண்டரில் விழும். தன் வீட்டுக்குத் தானே தபால் போடுகிற மாதிரி இருந்தாலும் இது நன்றாகவே வேலை செய்கிறது. இன்னொரு சிஸ்டத்தில் உள்ள டாட் மேட்ரிக்ஸுக்கும் இதே கட்டளைதான். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும், இந்த மாதிரி டாஸ் மென்பொருள் நேராக ஓடுவது 32-பிட் விண்டோஸில்தான், விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது, அந்த சிஸ்டம் ஒருநாள் போனால் மென்பொருளும் அதோடு போகும். பழைய பில்களை இப்போதே வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

கேள்வி: என் சிஸ்டத்தில் அடித்த தமிழ்க் கடிதத்தை பிரிண்டர் இருக்கும் சிஸ்டத்தில் திறந்து பிரிண்ட் கொடுத்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வருகிறது. பிரிண்டர் டிரைவரை மாற்ற வேண்டுமா? — ஊராட்சி அலுவலக ஊழியர், தஞ்சாவூர் மாவட்டம்

டிரைவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் பழைய எழுத்துரு ஒன்றில் அடித்திருக்கிறீர்கள், பாமினி மாதிரி. அவற்றில் உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துதான், எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் போடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் முகம் கழன்றுவிடும். உங்கள் சிஸ்டத்திலிருந்தே ஷேர் வழியாக பிரிண்ட் கொடுத்தால் சரியாக வரும். கோப்பை எடுத்துப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள். பிடிஎஃப் திரையில் சரியாக இருந்து தாளில் மட்டும் எழுத்து சிதைந்தால், அடோபி ரீடரின் பிரிண்ட் திரையில் 'அட்வான்ஸ்டு' அழுத்தி 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' டிக் செய்யுங்கள், பக்கத்தைப் படமாக அனுப்பிவிடும். எந்த சிஸ்டத்தில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடை தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆகவே புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடிக்க இன்றைக்கே தொடங்குங்கள். விரல் பழகியது பாமினி விசைப்பலகை என்றாலும் அதே விசையில் யூனிகோடு தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கேள்வி: ஹெச்பி லேசர்ஜெட் 1020 இருக்கிறது. ரவுட்டரின் பின்னால் யூஎஸ்பி போர்ட் இருக்கிறதே, அதில் மாட்டினால் நெட்வொர்க் பிரிண்டர் ஆகிவிடுமா? (நாகர்கோவில்)

இந்த மாடலில் பெரும்பாலும் ஆகாது. 1020 உழைப்பாளி பிரிண்டர், ஆனால் மூளை முழுக்க சிஸ்டத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதை இயக்குகிற சின்ன மென்பொருளையே சிஸ்டம் கேபிள் வழியாக ஊட்டினால்தான் எழுந்திருக்கும். ரவுட்டருக்கு அது தெரியாது. மூலையில் கிடக்கும் ஒரு பழைய சிஸ்டத்தை பிரிண்டருக்கென்றே ஒதுக்கி, திரை இல்லாமல், தூங்காமல் ஓடவிடுங்கள், எல்லோரும் அதன் வழியாகப் போகட்டும். நான் பார்த்தவரை சின்ன ஆபீஸுக்கு அதுதான் நிலைக்கிறது.

கேள்வி: ஒருவர் கொடுத்த பிரிண்ட் சிக்கிக்கொண்டால் மற்ற எல்லோருடையதும் நின்றுவிடுகிறது. 'கேன்சல்' கொடுத்தால் 'டிலீட்டிங்' என்றே மணிக்கணக்கில் நிற்கிறது.

ஷேர் செய்த சிஸ்டத்தில் 'சர்வீசஸ்' திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை 'ஸ்டாப்' செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போய், அங்கே உள்ள கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அழிக்க வேண்டாம். ஸ்பூலரை மறுபடி 'ஸ்டார்ட்'. வரிசையில் நின்ற எல்லோருடைய பிரிண்டும் அதோடு போய்விடும், ஆகவே அழிப்பதற்கு முன் எழுந்து நின்று ஆபீஸில் ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கோவையில் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். பிரிண்டர் ஹால் நடுவில். சம்பளச் சீட்டுக்கு பிரிண்ட் கொடுத்துவிட்டு ஓடுகிறேன், அதற்குள் யாராவது எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள். எனக்குத் தனி பிரிண்டர் தர மாட்டார்கள். வழி உண்டா?

உண்டு, நீங்கள் ஓட வேண்டியதே இல்லை. ஆபீஸ் ரக நெட்வொர்க் பிரிண்டர்கள் பலவற்றில் பின் போட்டு எடுக்கும் வசதி இருக்கிறது. 'பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்' திறந்து 'செக்யூர் பிரிண்ட்' அல்லது 'ஜாப் ஸ்டோரேஜ்' என்று இருக்கிறதா பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அதில் நான்கு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து அனுப்பினால் பிரிண்டர் தாளை வெளியே விடாமல் உள்ளேயே வைத்திருக்கும். நீங்கள் நிதானமாகப் போய், பிரிண்டர் முன்னால் நின்று அந்த எண்ணை அழுத்தினால்தான் வரும். எல்லா பிரிண்டுக்கும் இது வந்து தொல்லை தராமல் இருக்க, அதே பிரிண்டரை உங்கள் சிஸ்டத்தில் இன்னொரு பெயரில் இரண்டாவது முறை சேர்த்து, 'சம்பளம்' என்று பெயர் வைத்து, அதில் மட்டும் இந்த வசதியை நிரந்தரமாக ஆன் செய்துகொள்ளலாம்.

கூடவே 'பிரிண்டர் பிராப்பர்டீஸ்', 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'கீப் பிரிண்டட் டாக்குமென்ட்ஸ்' என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், பிரிண்ட் ஆன பிறகும் வரிசையில் கோப்பு கிடப்பது அதனால்தான். இன்னொன்றை உங்கள் ஐடி தம்பியிடம் கேளுங்கள்: பிரிண்டரின் எண்ணை பிரவுசரில் அடித்தால் அதன் அட்மின் பக்கம் வரும், அதற்கு பாஸ்வேர்ட் வைத்திருக்கிறார்களா என்று. வாங்கிய நாளிலிருந்து தொடாமல் விட்டிருந்தால் முதல் வேலையாக அதை மாற்றச் சொல்லுங்கள். உங்கள் மாடலில் பின் வசதி இல்லை என்றால் மாடல் எண்ணோடு மறுபடி எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம்.